எண்ணினால் மூன்று, எடை போட்டால் ஐம்பத்தாறு

சீனித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இனிக் கால் மணி நேரத்துக்கு நான் செய்ய ஒன்றுமில்லை, இவர் முகத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர. பெரிய முள் இரண்டில் இருக்கிறது. அது ஐந்துக்கு வந்ததும் மறுபடி இவர் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, மகள் லோசனி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த அந்தச் சின்னக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். முதலில் குத்தியபோது மூன்று புள்ளி ஒன்று என்று காட்டியது. இப்போது அது ஏறியிருக்க வேண்டும். ஏறினால் நான் போட்ட கணக்கு சரி. இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. கணக்கு தப்பாக இருந்தாலும் எண் ஏறத்தான் செய்யும், மூன்று ஸ்பூன் சீனியைக் கரைத்து ஊட்டினால் ஏறாமல் என்ன செய்யும்? சுகர் கூடிக் கிடக்கிற மனுஷனுக்கு நான் மேலும் சீனி ஊட்டியிருந்தாலும் அந்தக் கருவி பெரிய எண்ணைத்தான் காட்டும். ஆகவே எண் மட்டும் சாட்சி இல்லை. இந்த மனுஷன் கண்ணைத் திறந்து என்னைத் திட்ட வேண்டும். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவர் என்னைத் திட்ட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. தலையணையை இரண்டாக மடித்து முதுகுக்குக் கொடுத்துச் சாய்த்து வைத்திருக்கிறேன். கன்னத்தில் சீனித் தண்ணீர் வழிந்து பிசுபிசுக்கிறது. துடைத்தேன். தோல் சில்லென்று இருக்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது, ஆனால் சில்லென்று இருக்கிறது. விழுங்கினார், அதுதான் என் தெம்பு. ஸ்பூனை உதட்டில் வைத்ததும் குழந்தை மாதிரி வாயைத் திறந்து விழுங்கினார். முழுங்காமல் இருந்திருந்தால் அப்போதே நூற்றெட்டுக்குப் போன் போட்டிருப்பேன். முள் ஐந்துக்கு வரும்போதும் இப்படியே இருந்தால் போடுவேன். அதில் மாற்றமில்லை.

காலையில் இவருக்குக் காய்ச்சல். நேற்று ராத்திரியே உடம்பு அனத்தியது. காலையில் எழுந்ததும் நான் கேட்பதற்கு முன்பே இவரே வயிற்றில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். எப்போதும் இவரேதான் போட்டுக்கொள்வார், என்னை விட மாட்டார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், கம்பத்தில் ஏறிய கை, அந்தக் கைக்கு இன்னொருத்தி ஊசி போடுவதா. மூன்று இட்லி வைத்தேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் வேர்வை. சட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. சரி, மாத்திரைக்குக் காய்ச்சல் விடுகிறது, வேர்க்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒரு மணிக்குச் சாப்பிட எழுப்பினேன். “என்னங்க, எந்திரிங்க” என்றால், “கம்பத்துல ஆள் இருக்கான், லைன போடாத” என்கிறார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று சிரிப்புகூட வந்தது. அப்புறம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு அதையே மறுபடி சொன்னார். அப்போது சிரிப்பு போய்விட்டது. பழைய சுகர் கருவிக்கு ஸ்டிரிப் தீர்ந்து நாலு நாளாகிறது, வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று இவரே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல முகூர்த்த நாள் வேறு. கோவில்பட்டியில் பாதிப்பேர் மற்ற பாதிப்பேர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீடு பூட்டு, எதிர் வீடு பூட்டு, டாக்டர் மகளுக்கே கல்யாணம், அவர் போன் எடுக்கவில்லை. பீரோவைத் திறந்து லோசனி கொண்டுவந்த பெட்டியை எடுத்தேன். சுகர் கருவி ஒன்று, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று. பொங்கலுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனாள். வெளிநாட்டுச் சாமான் என்று இவர் அதை சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்தார். பிரித்து, குத்தி, பார்த்தேன். மூன்று புள்ளி ஒன்று. தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்தேன். முப்பத்தைந்து புள்ளி ஆறு. நூற்றுக்கணக்கில் வர வேண்டிய இரண்டு எண்ணும் இப்படிச் சின்னச் சின்னதாக வந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? இவருடைய அக்காவுக்குப் போன் போட்டேன்.

விளாத்திகுளத்து மதினிக்கு இருபது வருஷமாகச் சுகர். சொந்தத்தில் யாருக்குச் சுகர் என்றாலும் அவர்கள்தான் டாக்டர். கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள், பின்னால் நாதஸ்வரம். “எவ்வளவு காட்டுது?” “மூணு புள்ளி ஒண்ணு மதினி.” “மூணா! அடி போடி, எனக்கு ஆறே முக்காலுக்கே டாக்டர் கை கொடுத்தாரு. மூணு மாசச் சுகர் மூணு புள்ளி ஒண்ணுன்னா என் தம்பிக்குச் சுகரே இல்லட்டி. காய்ச்சல் விடுறதுக்கு வேர்க்குது, நீ ஏன் பதறுத? மத்தியான ஊசியப் போட்டு ரெண்டு வாய் ரசஞ்சோறு குடு. ஊசிய மட்டும் வுட்டுராத, காய்ச்சல்ல சுகர் எகிறிரும்.” போனை வைத்துவிட்டேன். ஊசியை எடுத்துக் கையில் வைத்தாகிவிட்டது. மூன்று மாதச் சராசரிதான் ஆறு, ஏழு என்று வரும், அது இந்த ஊரில் சுகர்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் சின்ன எண் என்றால் மூன்று மாத எண் என்று மதினி எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அந்த நிமிஷம் சரியென்றுதான் பட்டது. ஆனால் இந்தச் சொட்டு இந்த நிமிஷத்துச் சொட்டு, விரல் நுனியில் குத்தினால் மூன்று மாதம் எப்படித் தெரியும் என்று ஒரு சந்தேகம் வந்து, ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே எறும்பு அளவு எழுத்து. எம், எம், ஓ, எல், ஒரு சாய்கோடு, அப்புறம் ஒரு எல். முதல் எம்மை விட்டால் மோல். இந்தச் சனியனை எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது படிக்கும்போது லோசனி இதே கட்டிலில் உட்கார்ந்து இந்த மோலோடு மல்லுக்கு நின்றாள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து, அதாவது தொழிற்சாலையிலிருந்து, நான் வந்து கை கழுவியதும் என் வேலை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது. விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும், அவள் சொல்வது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கிளிப்பிள்ளை வேலை. ஒரு நாள் எரிச்சலாகி, “இந்த மோல்னா என்ன எழவுட்டி, அதைச் சொல்லு முதல்ல” என்றேன். “டஜன் மாதிரிம்மா. ஆனா ரொம்பப் பெரிய டஜன். ஆறு போட்டு பின்னால இருபத்து மூணு சைபர் போட்டா எவ்வளவோ அவ்வளவு” என்றாள். டஜன் எனக்கு எதற்கு, எனக்கு குரோஸ் தெரியும். நூற்று நாற்பத்து நாலு பெட்டி ஒரு குரோஸ். பதினாலு வயதிலிருந்து குரோஸில்தான் எனக்குச் சம்பளம். காலிப் பெட்டி ஒரு குரோஸ் கையில் பஞ்சாக இருக்கும், குச்சி அடைத்த பெட்டி ஒரு குரோஸ் கனக்கும். எண்ணிக்கை ஒன்றுதான், எடைதான் வேறு. அப்புறம் செக்கர் ஆனபோது பண்டலைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணவா செய்தேன்? தராசில் தூக்கி வைப்பேன். இவ்வளவு எடை என்றால் இவ்வளவு பெட்டி, ஒன்று குறைந்தாலும் முள் சொல்லிவிடும். மழைக்காலத்தில் மட்டும் ஏமாற்றும், பெட்டி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் லோசனி குதித்தாள். “அதேதாம்மா! எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுறது. ஒரு குரோஸோட எடைதான் மோலார் நிறை.” இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “தாயும் மகளும் கெமிஸ்ட்ரிலயும் தீப்பெட்டி அடைக்காளுக” என்றார். அடைத்தோம். கார்பன் ஒரு குரோஸ் பன்னிரண்டு கிராம். ஹைட்ரஜன் ஒன்று. ஆக்சிஜன் பதினாறு. குளுக்கோஸுக்கு ஆறு, பன்னிரண்டு, ஆறு என்று லோசனி தலை சீவும்போதுகூட ராகம் போடுவாள். ஆறு கார்பன் எழுபத்திரண்டு. பன்னிரண்டு ஹைட்ரஜன் பன்னிரண்டு. ஆறு ஆக்சிஜன் தொண்ணூற்றாறு. மொத்தம் நூற்று எண்பது. குளுக்கோஸ் ஒரு குரோஸ், அதாவது ஒரு மோல், நூற்று எண்பது கிராம். முன்னால் நிற்கிற இன்னொரு எம் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக நூற்று எண்பது மில்லிகிராம். சாய்கோடு, எல் என்றால் ஒரு லிட்டருக்கு. நம் ஊர் லேப்பில் நூறு மில்லிக்குத்தானே சொல்கிறான், லிட்டரில் பத்தில் ஒன்று. அப்படியானால் பதினெட்டு. அவர்கள் ஊர் ஒன்று நம் ஊர் பதினெட்டு. அங்கே ரத்தத்திலுள்ள சர்க்கரையை எண்ணிச் சொல்கிறார்கள், இங்கே எடை போட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் சங்கதி. மூன்றைப் பதினெட்டால் பெருக்கினால் ஐம்பத்து நாலு, புள்ளி ஒன்றுக்கு ஒன்று புள்ளி எட்டு. ஐம்பத்தாறுக்குக் கொஞ்சம் குறைவு. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று டாக்டர் சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார். ஐம்பத்தாறில் இருக்கிற மனுஷனுக்கு நான் ஊசியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

முள் மூன்றைத் தொடவில்லை இன்னும். நகர்கிறதா இல்லையா? நகர்கிறது. ஹைட்ரஜன் பன்னிரண்டுதானா? அங்கேதான் சிக்குகிறது. கார்பனின் எடையும் பன்னிரண்டு, ஹைட்ரஜனின் எண்ணிக்கையும் பன்னிரண்டு, நான் ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டேனோ? ஆறு, பன்னிரண்டு, ஆறு. ராகம் சரியாக இருக்கிறது. ஹைட்ரஜன் தப்பினாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது, அது நூற்று எண்பதில் வெறும் பன்னிரண்டு. பத்தால் வகுத்ததுதான் பயம். வகுக்காமல் அப்படியே விட்டிருக்க வேண்டுமோ? நூற்று எண்பதே கணக்கு என்றால் சுகர் ஐந்நூற்றைம்பதுக்கு மேலே, அந்த மனுஷனுக்குத்தான் நான் சீனி ஊட்டியிருக்கிறேன். செம்பகவல்லி, பதறாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரக்கு சரியா என்று தெரியாவிட்டால் தராசைச் சரிபார், தெரிந்த எடையைத் தூக்கி வை. தெரிந்த எடை எது? பொங்கலன்று லோசனி இந்தக் கருவியை என் விரலில்தான் முதலில் குத்திக் காட்டினாள். வெறும் வயிறு. “அஞ்சரை. சூப்பர்ம்மா” என்றாள். அதே வாரம் ஆபீஸில் முகாம் போட்டு எல்லோருக்கும் ரத்தம் எடுத்தபோது எனக்குத் தொண்ணூற்றெட்டு. ஐந்தரையைப் பதினெட்டால் பெருக்கினால் தொண்ணூற்றொன்பது. வந்துவிட்டது! தொண்ணூற்றொன்பதும் தொண்ணூற்றெட்டும் ஒன்றுதான். நூற்று எண்பதால் பெருக்கினால் எனக்கு ஆயிரம் வந்திருக்கும், நான் அன்றைக்குப் பொங்கல் கிண்டியிருக்க மாட்டேன், எனக்குத்தான் மற்றவர்கள் வாய்க்கரிசி போட்டிருப்பார்கள். பதினெட்டுதான். இனி அதில் கை வைக்க மாட்டேன்.

தெர்மாமீட்டரையும் அப்படித்தான் மடக்கினேன். முப்பத்தைந்து புள்ளி ஆறு. நம் வீட்டில் காய்ச்சல் என்றால் நூறு, நூற்றிரண்டு. வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன பாரன்ஹீட்டை நாம் விடாமல் கட்டிக்கொண்டு அழுகிறோம், அவன் ஊரில் கக்கத்துக்கும் செல்சியஸ் வைத்துவிட்டான். பெருக்கிக் கூட்டுவதா, கூட்டிப் பெருக்குவதா என்று ஒரு தடுமாற்றம். முப்பத்திரண்டு எங்கேயோ வரும் என்பது மட்டும் நிச்சயம். கொதிக்கிற தண்ணீரை வைத்துப் பார்த்தேன், நூறு என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு, அது புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நூறை இரட்டித்தால் இருநூறு, அதில் பத்தில் ஒன்றைக் கழித்தால் நூற்று எண்பது, முப்பத்திரண்டைக் கூட்டினால் இருநூற்றுப் பன்னிரண்டு. சரி, அப்படியானால் கடைசியில்தான் கூட்ட வேண்டும். முப்பத்தைந்து புள்ளி ஆறை இரட்டித்து எழுபத்தொன்று, பத்தில் ஒன்று ஏழு போக அறுபத்து நாலு, முப்பத்திரண்டு சேர்த்தால் தொண்ணூற்றாறு. காய்ச்சலே இல்லை. காய்ச்சல் எப்போதோ இறங்கிவிட்டது. இறங்கின பிறகும் ஒரு மனுஷன் ஏன் தெப்பமாக வேர்க்க வேண்டும்? இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை, எழுந்து அடுக்களைக்கு ஓடினேன். ஓடுகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் முருங்கை மரத்தடியில் காக்கைகள் கூடி நிற்கின்றன, நடுவே கொத்தியது போக மிஞ்சின இட்லி. தட்டு காலியாக வந்த லட்சணம். ஊசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, இட்லியை ஜன்னல் வழியாகப் போட்டிருக்கிறார். வாய் கசக்கிறது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா? எழுந்திருக்கட்டும், பேசிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் சீனி கிடையாது என்பதுதான் ஊரறிந்த சேதி. இருக்கிறது. ரவை என்று எழுதின டப்பாவில் இருக்கிறது. விருந்தாளிக்குக் காபி போட வேண்டாமா? உப்புமா என்றால் இவர் நாலு வீடு தள்ளி ஓடுவார், அதனால் ரவை டப்பாவை இவர் திறக்கவே மாட்டார் என்று, ஐந்து வருஷத்துக்கு முன் இன்சுலின் ஆரம்பித்த அன்றைக்கே அதில் கொட்டி வைத்தேன். நம்பிக்கை போதாமல், ஒவ்வொரு தடவையும் சீனியைத் தட்டிச் சமமாக்கி மேலே ஸ்பூன் காம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டுத்தான் மூடுவேன். கை பட்டால் குறி கலைந்துவிடும். ஒரு நாளும் கலைந்ததில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டு வரும்போது இவர் சட்டையில் கடலைமிட்டாய் வாசம் அடிக்கும், அது வேறு கதை, வீட்டுச் சீனியை நான் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம். இன்றைக்கும் திறந்தபோது குறி அப்படியே இருந்தது. அதன் நடுவில் ஸ்பூனை இறக்கினேன். மூன்று ஸ்பூன், பதினைந்து கிராம். அவசரத்தில் அடுப்பு மேடையெல்லாம் சீனி. டப்பாவை மூடினேனா? ஞாபகமில்லை. சீனி அப்படியே குளுக்கோஸ் இல்லை, அது முந்நூற்று நாற்பத்திரண்டு, உள்ளே போய் இரண்டாக உடையும், ஒரு பாதிதான் குளுக்கோஸ் என்று லோசனி சொல்லியிருக்கிறாள். உடைய எவ்வளவு நேரமாகும்? அதற்குத்தானே கால் மணி நேரம். முள் மூன்றைத் தாண்டிவிட்டது. ஒன்று யோசித்துப் பார்க்கிறேன், யோசிக்கக் கூடாது, ஆனாலும் கணக்கு தானாக ஓடுகிறது. உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம். லிட்டருக்கு மூன்று புள்ளி ஒன்று என்றால் மொத்தம் பதினைந்தரை. ஒவ்வொன்றும் நூற்று எண்பது மில்லிகிராம். எல்லாம் சேர்ந்தாலும் மூன்று கிராம் வராது. எண்பது கிலோ மனுஷன், இரும்புக் கம்பத்தைத் தோளில் தூக்கினவன், உள்ளே ஓடுகிற ரத்தம் முழுவதையும் வழித்தெடுத்தாலும் சர்க்கரை அரை ஸ்பூன்தான் இருக்கிறது. நல்லபடியாக இருக்கிற எனக்கு எவ்வளவு? ஒரு ஸ்பூன். முப்பது வருஷச் சண்டை, ஒரு மகள், இந்த வீடு, இவருடைய கோபம், எல்லாம் அரை ஸ்பூனுக்கும் ஒரு ஸ்பூனுக்கும் நடுவிலேயா நிற்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன், இவர் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இவருடைய டச் போன் அங்கே மேஜையில் கிடக்கிறது, அதில்தான் லோசனியைக் கூப்பிட முடியும், அதை ஏதோ நம்பர் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். என் பட்டன் போன் மதுரையைத் தாண்டாது. பூட்டின போன், காலித் தட்டு, தன் கை ஊசி. எதையும் என்னிடம் சொல்லாமல் செய்கிற மனுஷன், இப்போது என் கணக்கை நம்பிப் படுத்திருக்கிறார்.

பட்டன் போன் அடிக்கிறது. மதினிதான். நாதஸ்வரம் நின்று பந்திச் சத்தம் கேட்கிறது. “ஊசியப் போட்டியாட்டி?” “இல்ல மதினி.” “ஏன் போடல? நான் சொல்லுதேன்ல்ல?” “அது மூணு மாசச் சுகர் இல்ல மதினி. அந்த ஊர்க் கணக்கு. நம்ம கணக்குக்கு ஐம்பத்தாறு. சீனி குடுத்துருக்கேன்.” அந்தப் பக்கம் யாரோ பாயசம் கேட்கிற சத்தம். அப்புறம் மதினி குரல் கிளம்பியது. “சீனியா! காய்ச்சக்காரனுக்குச் சீனியக் குடுத்தியா? உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? இருபது வருசமா நான் பாக்கேன், எனக்குத் தெரியாத சுகரா? என் தம்பிக்கு ஒண்ணுன்னா உன்னச் சும்மா விட மாட்டேன், பாத்துக்க.” முன்பெல்லாம் மதினி குரல் உயர்ந்தால் சரி மதினி என்றுவிடுவேன். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, தம்பி என்றால் உயிர், பயத்தில்தான் கத்துகிறார்கள். என் பயம் எனக்கு, அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆனால் பதினெட்டு என்பது யாருடைய பயத்துக்கும் பத்தொன்பது ஆகாது. “மதினி, நான் ஊசி போட மாட்டேன். தெளியலன்னா நூத்தியெட்டக் கூப்பிடுவேன். நீங்க மண்டபத்துல டாக்டர் யாராச்சும் இருந்தா மட்டும் பாத்துச் சொல்லுங்க. அம்பத்தாறுன்னு சொல்லுங்க, மூணுன்னு சொல்லாதீங்க.” வைத்துவிட்டேன். நானாகப் போனை வைத்தது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. முள் நாலைத் தாண்டி நிற்கிறது. வேர்வை நின்றிருக்கிறதா? நெற்றியைத் தொட்டேன், ஈரம், ஆனால் புது ஈரம் இல்லை. அல்லது நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன். ஈரப் பெட்டி எடையில் ஏமாற்றுவதுபோல என் ஆசை என் கையை ஏமாற்றுகிறது. கையை எடுத்துவிட்டேன். தொட மாட்டேன், எண்ணும் ஆளும் சொல்லட்டும்.

ஐந்து. விரலைத் துடைத்தேன். இப்போதுதான் உறைக்கிறது, விரலில் சீனி ஒட்டியிருந்தால் எண் பொய் சொல்லும். ஈரத்துணியால் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்து, காயவைத்து, வேறு விரலில் குத்தினேன். சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார். முதல் தடவை இழுக்கவில்லை. சொட்டு ஏறியது. கருவி யோசிக்கிறது, யோசிக்கிறது, எத்தனை நேரம் யோசிப்பாய் நீ? நாலு புள்ளி எட்டு. நாலை எட்டோடு, நில்லு, நாலைப் பதினெட்டால் எழுபத்திரண்டு. புள்ளி எட்டுக்குப் பதினாலரை வரும். எண்பத்தாறு. எழுபதைத் தாண்டிவிட்டது, எண்பத்தாறு! ஆனால் எண் சாட்சி இல்லை, நானே சொன்னதுதான். முகத்தைப் பார்க்கிறேன். கண் பாதி திறந்திருக்கிறது. மோட்டுவளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறது. “எதுக்குட்டி குத்துத?” என்றார். குரல் குழறினாலும் அதில் எரிச்சல் இருக்கிறது, அசல் எரிச்சல். “நான் யாரு?” என்றேன். “ம். நேரு மாமா மக” என்று நக்கலாகச் சொல்லி முகத்தைச் சுளித்தார். பிறகுதான், “செம்பகம். எதுக்கு அழுத?” என்றார். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஊசியப் போட்டுட்டு இட்லியக் காக்காய்க்குப் போட்டீங்களா?” ஜன்னலைப் பார்த்தார். “இன்னைக்கு டாக்டர் சொல்லாம ஊசி கிடையாது. இனிமே தட்டு முன்னால வந்த பெறகுதான் ஊசி. நான்தான் போடுவேன், நீங்க தின்னு முடிக்கிற வரைக்கும் எதிரவே உக்காந்திருப்பேன். போன் நம்பரச் சொல்லுங்க, லோசனியக் கூப்பிடணும்.” கோபமாகப் பேச வேண்டும் என்று ஆரம்பித்தேன், பாதியில் குரல் உடைந்துவிட்டது. ஆனால் ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நம்பரைச் சொன்னார். மறு பேச்சு இல்லாமல் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வாயைச் சப்பிப் பார்த்தார். ரசஞ்சோறு பிசைந்து கொண்டுவரலாம் என்று நான் எழுந்தபோது, “ரவ டப்பாவ இறுக்கி மூடுனியா?” என்றார். “எறும்பு ஏறிரப் போகுது.”

நின்றுவிட்டேன். “உங்களுக்கு எப்பத் தெரியும்?” “எது?” “ரவ டப்பா.” “நீ வச்ச அன்னைக்கே தெரியும். உப்புமாவே கிண்டாத வீட்டுல மாசா மாசம் ரவ டப்பாவக் கழுவிக் கழுவிக் காயவைக்க. மேல கோலம் வேற போட்டு வைக்க.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐந்து வருஷம். திறந்து பார்த்தும் இந்த மனுஷன் கை வைக்கவில்லை, குறி ஒரு நாளும் கலைந்ததில்லை. நான் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுக்களைக்குப் போனேன். டப்பா திறந்துதான் கிடந்தது, மேடையில் சிந்தின சீனிக்கு இரண்டு எறும்பு வந்துவிட்டிருந்தன. துடைத்தேன். சீனியைத் தட்டிச் சமமாக்கி, டப்பாவை இறுக்கி மூடினேன். குறி போடவில்லை.